செனாய் ஓடுபாதையே நம் அளவுகோல்

தம்பி தங்கைகளே, ஒரு கணினியும் ஓர் அடிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய அறிவியல் பேச்சுக்கு இவை இரண்டும் போதும்.

கணினியில் ஜொகூர் மாநில வரைபடத்தைத் திறங்கள். திரைமேல் அடிக்கோலை வைத்து, ஜொகூர் பாருவுக்கும் கூலாய்க்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வரைபடத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே 12 சென்டிமீட்டர்! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை தன் கைப்பேசியில் அளந்துவிட்டு, "எனக்கு இரண்டரைதான் வருது அண்ணா" என்பாள். கூலாய் நகரவில்லை, ஜொகூர் பாருவும் நகரவில்லை. ஆனால் மூன்று பதில்கள் வந்துவிட்டன.

மூன்றும் சரியாக அளந்தவைதாம். திரையில் இருப்பது வெறும் படம். தன்னுள் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் எத்தனை மீட்டர் என்பது படத்துக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தருவதற்குப் பெயர் 'அளவுத்திட்டம் அமைத்தல்'.

கல்லும் பத்துவும்

நம் பாட்டி தாத்தாக்கள் "அந்த ஊர் இங்கிருந்து மூணு கல்" என்பார்கள். மூன்று மைல் என்று பொருள். சாலையோரம் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்ததால் கல் என்ற சொல்லே தூரத்தின் பெயராகிவிட்டது. மலாய்மொழியிலும் இதே கதைதான். 'பத்து' என்றால் கல். பத்துமலையின் பெயரில் இருப்பது அந்தப் பத்துதான். அதே சொல்லுக்கு மைல் என்ற பொருளும் உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

கல் நட்ட சாலையில் நடப்பவருக்குக் குழப்பம் இல்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள தூரத்தை யாரோ முன்பே அளந்து வைத்துவிட்டார்கள். அந்தத் தெரிந்த தூரத்தைக் கொண்டு தெரியாத தூரத்தை எண்ணிவிடலாம். வரைபடத்திலும் நமக்குத் தேவை அப்படி ஒரு கல்தான்: நீளம் தெரிந்த ஒரு பொருள்.

காகித வரைபடத்தில் இந்த வேலையை அச்சிடுபவரே செய்து கொடுத்துவிடுவார். மலேசிய நில அளவை, வரைபடத் துறை வெளியிடும் வரைபடங்களின் ஓரத்தில் 1:50,000 என்று போட்டிருக்கும். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 50,000 சென்டிமீட்டர், அதாவது 500 மீட்டர்.

அந்தத் தாளைப் படம்பிடித்துக் கைப்பேசியில் பாருங்கள். தாள் சுருங்கி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. ஓரத்திலோ 1:50,000 என்றுதான் இன்னும் எழுதியிருக்கிறது. இப்போது அது பொய். எழுத்தில் சொன்ன விகிதம் படம் சுருங்கும்போது தானும் மாறத் தெரியாதது.

அதே தாளின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோடு இருக்கும். 0, 1, 2 கிலோமீட்டர் என்று குறித்திருப்பார்கள். அதுதான் அளவுக்கோடு. படம் சுருங்கினால் அதுவும் சுருங்கும், விரிந்தால் அதுவும் விரியும். அதனால்தான் கணினி, கைப்பேசி வரைபடங்களின் மூலையில் விகிதத்தைப் போடாமல் ஒரு சின்னக் கோட்டைப் போட்டு வைக்கிறார்கள். நீங்கள் பெரிதாக்கும்போதெல்லாம் கோட்டின் நீளமும் அதன்மேல் உள்ள எண்ணும் மாறுவதைக் கவனியுங்கள்.

சரி, அளவுக்கோடே இல்லாத படம் கிடைத்தால்? வானிலிருந்து எடுத்த புகைப்படம், பழைய வரைபடத்தின் நகல், யாரோ வெட்டி அனுப்பிய திரைப்பிடிப்பு என்று நமக்குக் கிடைக்கும் பல படங்கள் அப்படித்தான் இருக்கும். அப்போது கோட்டை நாமே உண்டாக்க வேண்டும்.

நீளம் தெரிந்த ஒன்று

ஜொகூரில் வானிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிகிற, இரண்டு முனையும் வெட்டினாற்போல் முடிகிற, நீளம் சந்தேகமில்லாமல் தெரிந்த பொருள் எது? செனாய் விமான நிலையத்தின் ஓடுபாதை! அதன் நீளம் 3,800 மீட்டர்.

செயற்கைக்கோள் படத்தில் செனாயைத் தேடிப் பிடியுங்கள். செம்பனைத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட பட்டை தெரியும். முழுப் பட்டையும் திரைக்குள் வருமாறு வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடிக்கோலால் அளங்கள். உங்கள் திரையில் 95 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

3,800 ÷ 95 = 40.

முடிந்தது! உங்கள் திரையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 40 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்பது 400 மீட்டர். ஒரு துண்டுத் தாளில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு 400, 800, 1,200 என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த அளவுக்கோடு தயார்.

வரைபட மென்பொருள்கள் செய்வதும் இதையேதான். ஓடுபாதையின் இரண்டு முனைகளையும் சுட்டியால் தொட்டு, 3800 என்று தட்டினால் போதும். நடுவே எத்தனை படப்புள்ளிகள் இருக்கின்றன என்று மென்பொருள் எண்ணி, அதே வகுத்தலைச் செய்துகொள்ளும். நீங்கள் அடிக்கோலால் அளந்தீர்கள், அது புள்ளிகளால் அளக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

ஒரு சோறு போதாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வரைபடத்துக்கு நான் இரண்டு சோறு கேட்பேன். முதல் சோறு ஓடுபாதை. இரண்டாவதையும் நசுக்கிப் பார்த்துவிடுவோம்.

பெரிதாக்காமல், சிறிதாக்காமல், படத்தை அப்படியே தெற்கே இழுத்துக்கொண்டு போங்கள். ஜொகூரையும் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியையும் இணைக்கும் இரண்டாம் பாலம் வரும். 1998 ஜனவரியில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். கடலுக்கு மேல் அதன் நீளம் 1,920 மீட்டர். நம் கணக்கு சரியென்றால் திரையில் அது எவ்வளவு இருக்க வேண்டும்?

1,920 ÷ 40 = 48 மில்லிமீட்டர்.

அளந்து பாருங்கள். 47, 48, 49 என்று பக்கத்தில் வந்தால் மகிழுங்கள். 40 அல்லது 56 வந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. படத்தை உங்களை அறியாமல் பெரிதாக்கியிருக்கலாம். அல்லது பாலம் தொடங்கும் இடத்தைத் தப்பாகப் பிடித்திருக்கலாம். கரையிலும் சாலை தொடர்வதால், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தவறும் நடப்பதுண்டு. படத்தை ஓர் ஆவணத்தில் ஒட்டும்போது, மூலையைப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டைப் பிடித்து இழுத்துவிடுவோம். படம் அகலத்தில் மட்டும் நீண்டுவிடும். அப்போது கிழக்கு மேற்காக ஓர் அளவு, வடக்கு தெற்காக இன்னோர் அளவு என்றாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் போய், எண்ணெய்த் தொட்டிகளைப் பாருங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் அவை வட்டமாகத் தெரிய வேண்டும். முட்டை வடிவில் தெரிந்தால், உங்கள் படம் இழுபட்டுப் போயிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு படம் எடுங்கள்.

ஏன் ஓடுபாதை? ஏன் பள்ளித் திடல் இல்லை?

"கால்பந்துத் திடலின் நீளம் எனக்குத் தெரியுமே, 105 மீட்டர். அதை வைத்தே செய்தால் என்ன?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இன்றைய பேச்சின் உயிரே இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

நம் கண்ணும் அடிக்கோலும் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும். அது இயல்பு. ஓடுபாதை 95 மில்லிமீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் தவறினால் நூற்றுக்கு அரைப் பங்குதான் பிழை. கால்பந்துத் திடலோ நம் படத்தில் இரண்டரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் அரை மில்லிமீட்டர் தவறினால் நூற்றுக்கு 19 பங்கு பிழை!

இதோடு நிற்காது. அளவுத்திட்டத்தில் புகுந்த பிழை, அதை வைத்து அளக்கும் ஒவ்வொரு தூரத்திலும் புகுந்துவிடும். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 104 கிலோமீட்டர். ஓடுபாதையை வைத்துக் கணக்கிட்டவருக்குப் பிழை அரைக் கிலோமீட்டர். திடலை வைத்துக் கணக்கிட்டவருக்கு 20 கிலோமீட்டர். அவர் சொல்லும் மெர்சிங் நடுக்கடலில் இருந்தாலும் இருக்கும்!

தொடக்கத்தில் செய்யும் சிறு தவறு கடைசிவரை கூடவே வரும். ஆகவே, தெரிந்த நீளங்களில் மிக நீண்டதை எடுங்கள். அதை மிகப் பொறுமையாக அளங்கள்.

பரங்கிமலையில் 57 நாள்

இந்தப் பொறுமைக்கு ஒரு பெரிய கதை உண்டு. அது நடந்தது நம் முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டில்.

1802 ஏப்ரல் 10. சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி தரையில் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். நடந்தால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். அவருக்கு 57 நாள் ஆயிற்று!

அவர் கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை 400 தடவை அடுத்தடுத்து வைத்து அளந்தார். எஃகு வெயிலில் நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். ஒரு தடவைக்கு அது தூசி. 400 தடவைக்கு? ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்! அதனால் சங்கிலியை நீண்ட மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் தந்து, பக்கத்தில் வெப்பமானியை வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே அளந்தார்கள்.

ஏன் இத்தனை பாடு? அந்த ஒரு கோடு தெரிந்தால் போதும், மற்றவற்றைக் கோணங்களை வைத்தே கணக்கிட்டுவிடலாம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. இப்படியே முக்கோணங்கள் தென்னிந்தியா முழுவதும் படர்ந்தன. கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. அதை உயரமான இடங்களுக்கு ஏற்ற வேண்டும். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. லாம்டன் மனம் தளராமல் தானே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார்.

சென்னைக் கோடு ஒன்றோடு அவரும் நிற்கவில்லை. 1804-ல் பெங்களூருக்கு அருகே இன்னொரு கோட்டைத் தரையில் அளந்து, முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட்டார். நாம் ஓடுபாதையை அளந்துவிட்டுப் பாலத்தில் சரிபார்த்தோமே, அதே வேலைதான்!

லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தப் பணியை ஏற்றார். இமயச் சிகரத்துக்குப் பெயர் தந்தாரே, அவரேதான். இந்தியாவில் எடுத்த அளவுகளைக் கொண்டு, பூமியின் வடிவத்தையும் பருமனையும் 1830-ல் எண்களாக வகுத்தார். மலாயாவின் வரைபடங்களைக் கணக்கிட்டபோது எடுத்துக்கொண்டது எவரெஸ்ட் வகுத்த அந்தப் பூமி வடிவத்தைத்தான். தமிழ் மண்ணில் வெயிலில் காய்ந்து அளந்த கோட்டுக்கும் ஜொகூரின் பழைய வரைபடங்களுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. இன்று மலேசியா செயற்கைக்கோள்களின் துணையோடு அமைத்த புதிய அடிப்படையைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் முதல் அளவைச் சரியாக எடுத்த பிறகே மற்றவை என்ற முறை மாறவில்லை.

நமக்குக் கிடைத்த வசதி

இப்போது ஒரு விளையாட்டு. படத்தைப் பெரிதாக்காமல் சிறிதாக்காமல், ஜொகூரிலிருந்து சென்னைவரை இழுத்துக்கொண்டு போங்கள். நம் திரையில் ஒரு சென்டிமீட்டர் 400 மீட்டர் அல்லவா? சென்னையிலும் 400 மீட்டர்தானா?

இல்லை! சென்னையில் அது ஏறக்குறைய 390 மீட்டர்தான். இன்னும் வடக்கே லண்டன்வரை போனால் 250 மீட்டருக்குக் குறைந்துவிடும்.

காரணம், பூமி உருண்டை. உருண்டையின் தோலைக் கிழிக்காமல், இழுக்காமல் தட்டையாக விரிக்க முடியாது. ஓர் ஆரஞ்சுப் பழத்தோலை மேசைமேல் தட்டிப் பாருங்கள், புரியும். 1569-ல் மெர்காட்டர் என்பவர் வகுத்த முறையைக் கொஞ்சம் மாற்றித்தான் பெரும்பாலான இணைய வரைபடங்கள் பயன்படுத்துகின்றன. அந்த முறையில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலம் பெரிதாகத் தெரியும்.

ஜொகூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து வீடு. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் ஜொகூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து நிலநடுக்கோடு சுமார் 140 கிலோமீட்டர். ஆகவே ஜொகூர் பாருவில் இந்த இழுப்பு ஒரு கிலோமீட்டருக்கு 34 சென்டிமீட்டர் மட்டுமே. சென்னையில் 26 மீட்டர். செனாயில் அமைத்த அளவுத்திட்டத்தை ஜொகூர் முழுவதும் நீங்கள் தைரியமாகப் பயன்படுத்தலாம். வெளியூருக்குப் போனால் அங்கே புதிதாக ஒரு பொருளைத் தேடி, புதிதாக அமைக்க வேண்டும்.

நம் தீபகற்பத்தின் வரைபடத்தை இன்னும் நுட்பமாக வரைய வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தீபகற்பம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. மார்ட்டின் ஹோட்டின் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் 1940களில் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடியே ஒரு முறையை வகுத்தார். உருண்டையைச் சுற்றித் தாளை நேராகச் சுற்றாமல், தீபகற்பத்தின் போக்கில் சாய்த்துச் சுற்றியது போல. அதனால் பெர்லிஸிலிருந்து ஜொகூர்வரை அளவு பெரிதாக மாறாது.

கோடு சொல்லாதவை

அளவுத்திட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும், நேர்க்கோடு நேர்க்கோட்டைத்தான் அளக்கும். மெர்சிங் 104 கிலோமீட்டர் என்றோம். கோத்தா திங்கி வழியாக வளைந்து செல்லும் சாலையில் போனால் 130 கிலோமீட்டருக்கும் மேல். சாலையை அளக்க, ஒரு நூலை அதன் வளைவுகள்மேல் படியவைத்து, பிறகு நூலை நீட்டி அளங்கள்.

மலையையும் படம் தட்டையாக்கிவிடும். குனோங் லேடாங் 1,276 மீட்டர் உயரம். அதன் சரிவில் படம் 400 மீட்டர் என்று காட்டுகிற இடத்தில் நீங்கள் 300 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருந்தால், கால் நடக்கும் தூரம் 500 மீட்டர். எப்படி என்று பைத்தகோரஸ் தேற்றம் படிக்கும்போது கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இனி உங்கள் முறை

இந்த வார இறுதியில் இதைச் செய்து பாருங்கள். செனாய் ஓடுபாதையை வைத்து அளவுத்திட்டத்தை அமையுங்கள். இரண்டாம் பாலத்தில் சரிபாருங்கள். பிறகு படத்தை இழுத்து உங்கள் பள்ளியைக் கண்டுபிடியுங்கள். வாசல் கதவிலிருந்து தெருமுனைவரை, அல்லது திடலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை எத்தனை மீட்டர் என்று படத்திலிருந்து கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் அளவு நாடாவைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் இந்த முனையைப் பிடிக்க, மற்றவர் அந்த முனையைப் பிடிக்க, தரையில் அளங்கள். நாடா தொய்யக்கூடாது, கோணக்கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளங்கள்.

நோட்டில் இருக்கும் எண்ணும் நாடாவில் வந்த எண்ணும் அச்சாக ஒத்துப்போகாது. அதற்காக வருந்த வேண்டாம். சின்னத் தூரத்தில் அரை மில்லிமீட்டர் தவறும் பெரிதாகும் என்று பார்த்தோமே. எத்தனை மீட்டர் வித்தியாசம், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று நண்பர்களோடு உட்கார்ந்து யோசியுங்கள். திரையிலா, அடிக்கோலிலா, நாடாவிலா? பரங்கிமலையில் அந்த 57 நாளும் சங்கிலி பிடித்தவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான். அதே கேள்வியை உங்கள் பள்ளித் திடலில் நின்று நீங்களும் கேட்கப்போகிறீர்கள்.